வெட்டலும் ஒட்டலும்: ஊவாத் தோட்டப் பாடல்களின் ஒலித்தொகுப்பு பற்றிய ஒரு நோக்கு

ஏட்டுச் சுவடிகள் அச்சேறிய காலத்திலேயே பதிப்பு என்பது தமிழில் ஒரு தனிப் புலமைத் துறையாக வளர்ச்சியுற்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டிற் புறநானூற்றையும் வெளியிட்டனர். கிடைத்த பிரதிகளை ஒப்புநோக்குதல், பாடவேறுபாடுகளைக் குறித்தல், சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமென்றே காட்டுதல் ஆகிய நெறிகள் இத்தகைய முயற்சிகளின் வழியே நிலைபெற்றன. புறநானூற்றுப் பதிப்பிலே சொல் அழிந்த இடங்கள் புள்ளியிட்டே காட்டப்பட்டன. தம் புலமையால் அவ்விடங்களை நிரப்பும் ஆற்றல் சாமிநாதையருக்கு இல்லாமலில்லை. நிரப்பாது விட்டமையே அவரது பெருமை.

இன்று பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்து முதியவரின் பாடலைக் கைப்பேசியிற் பதிந்து, கணினியில் அதனை வெட்டியும் ஒட்டியும் ஒழுங்குசெய்யும் இளைஞர் செய்வதும் இதே பணிதான். ஆயின் அவரை எவரும் பதிப்பாசிரியர் எனக் கொள்வதில்லை. தொழினுட்ப உதவியாளர் என்றே கருதுகின்றனர். பாடலைத் தேர்ந்தவர் ஆய்வாளர், பாடியவர் தகவலாளி, ஒழுங்குசெய்தவர் பெயரற்றவர் என்ற நிலையே பெரிதும் காணப்படுகின்றது. இந்நிலை எத்தகைய விளைவுகளைத் தருகின்றது என்பதை ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடல்களை முன்வைத்து நோக்குவது பொருத்தமானது.

1

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என விரியும் ஊவாத் தோட்டங்களின் வாய்மொழிச் செல்வம் பலதிறப்பட்டது. தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி ஆகியன தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பெயர்ந்து வந்தோர் கொணர்ந்தவை. எனினும் பிரட்டுக்களமும் கங்காணியும் கொழுந்துக் கூடையும் லயத்துக் காம்பிராவும் அவற்றினுட் புகுந்தபோது அவை புதிய பாடல்களாயின. மாசி மாதத்திற் காமன் நட்டுத் தொடங்கிப் பல இரவுகள் நிகழும் காமன் கூத்து, காமன் எரிந்துபடுவதிலே உச்சம் பெற்று, இரதியின் புலம்பலுக்கு வழிவிடுகின்றது. தப்பின் ஒலி இக்கூத்தின் உயிர்நாடி. இதே தப்புத்தான் ஒரு காலத்தில் விடியுமுன் தொழிலாளரைத் துயிலெழுப்பியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இப்பாடல்களின் வரலாறு இவற்றைப் பாடியோரின் வரலாற்றினின்றும் பிரிக்க முடியாதது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தவர் நீலகிரிக்குச் செல்ல, பின்பாட்டுப் பாடியவர் பதுளையிலேயே தங்க நேர்ந்த குடும்பங்கள் பல. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. ஒரு பாடல் பிறந்த இடமே ஒரு காலைப்பொழுதில் இல்லாதொழியலாம் என்பதற்கு இது சான்று. ஆதலின் எஞ்சிய ஒலிப்பதிவு ஒவ்வொன்றும் ஒற்றைச் சுவடியின் பெறுமதி உடையது.

2

தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தோருள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். தமிழ்நாட்டில் நா. வானமாமலை செய்த பணியோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது அவர் பணி. ஆயின் எழுத்திற் பதிந்த தொகுப்பு எதற்கும் இயல்பான ஓர் எல்லை உண்டு. ஒப்பாரியின் விம்மலையோ கும்மியின் கைத்தாளத்தையோ ஒருவர் பாட மற்றவர் குறுக்கிட்டுத் தொடர்வதையோ அச்செழுத்துத் தாங்காது. ஒலிப்பதிவு இக்குறையை நீக்கும் என்ற நம்பிக்கை நியாயமானதே.

இலங்கையில் மக்களின் குரலை அவர்தம் இடத்திற்கே சென்று பதிந்து ஒலிபரப்பும் முயற்சி 1981ஆம் ஆண்டில் மகாவலிச் சமூக வானொலியோடு உருப்பெற்றது. 1986ஆம் ஆண்டிற் பதுளை மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டையில் ஒரு நிலையம் அமைந்தது. குடியேற்றப் பகுதிகளை நோக்கிய அம்முயற்சி சிங்கள மொழியிலேயே பெரிதும் நடந்தது. ஊவா சமூக வானொலி 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. இவ்விரு காலங்களுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் கருவியைப் பற்றியது. முன்னதன் கருவி நாடா. பின்னதன் கருவி கணினி.

நாடாவை வெட்டுதல் எளிதான காரியமன்று. விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில் ஒரு விநாடிப் பேச்சு ஏழரை அங்குல நீளம். வெட்டவேண்டிய இடத்தைக் கையாற் சுழற்றிக் கேட்டுக் குறித்து, சவர அலகினாற் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவினால் இணைத்தல் வேண்டும். தவறாக வெட்டியது தரையில் வீழ்ந்த துண்டாகும். எனவே தொகுப்பாளர் ஒருமுறைக்குப் பலமுறை எண்ணியே கைவைத்தார். இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். பிற்காலத்தவர் ஒருவர் அந்நாடாவைக் கையிலெடுப்பின், இன்ன இடத்தில் இது வெட்டப்பட்டது என்பதை நாடாவே அவருக்குக் கூறும்.

3

கணினித் தொகுப்பில் இச்சான்று மறைந்துவிடுகின்றது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் றொஜர் டானன்பேர்க்கும் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓடாசிற்றி என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைப்பது. வசதி குறைந்த மாணவரும் சிறு நிலையங்களும் பயன்படுத்தத்தக்கது. அதன் திரையில் ஒலிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடங்களில் அமைகின்றன. ஒரு தடத்தினுள் துண்டுகள் பல இருக்கலாம். துண்டை நகர்த்தலாம், பிரிக்கலாம், பிறிதொரு தடத்துக்கு மாற்றலாம், ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு மங்கவைத்து இணைக்கலாம். ஒரு தடத்தை மௌனமாக்கி மற்றதை மட்டும் ஒலிக்கச் செய்யலாம். ஈற்றில் அனைத்தும் கலந்து ஒரே கோப்பாக வெளிவருகையில் வெட்டிய தழும்பு எதுவும் எஞ்சுவதில்லை.

இவ்வசதிகள் வாய்மொழிப் பாடலோடு முரண்படும் இடங்கள் மூன்று.

முதலாவது, துண்டுகளின் ஒழுங்கு. ஒரே தாலாட்டை ஒரு தாய் மூன்று நாள்களிற் பாடுகின்றாள் எனக் கொள்வோம். முதல் நாள் தாய்மாமன் சீரைப் பாடுகின்றாள். இரண்டாம் நாள், இந்தியா சென்ற தமையனிடமிருந்து கடிதம் வந்த காரணத்தால், மாமன் இல்லாத வீட்டைப் பாடுகின்றாள். மூன்றாம் நாள் குரல் தெளிவாக உள்ளது. ஆயின் இடையில் மறந்து நிறுத்துகின்றாள். தொகுப்பாளர் மூன்றினின்றும் நல்லனவற்றைத் தெரிந்து ஒரு தடத்தில் வரிசையாக அடுக்குவாராயின் கிடைப்பது இனிய பாடலே. ஆயினும் அது எவரும் எந்நாளும் பாடாத பாடல். மில்மன் பரியும் அல்பேட் லோர்டும் யுகோசிலாவியப் பாணரிடையே கண்டு கூறியது இதுவே: வாய்மொழிக் கவிதைக்கு மாறாத மூலபாடம் என ஒன்றில்லை, ஒவ்வொரு பாடுகையும் ஒரு தனிப் படைப்பு. க. கைலாசபதி 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு வாயிலாக இக்கருத்து ஈழத்துத் தமிழாய்வுலகுக்கு நன்கு அறிமுகமானது. கோட்பாட்டை வகுப்பறையில் ஏற்றுக்கொண்டு கணினியின் முன் அதனை மறத்தல் முரணாகும். மேற்கூறிய தாலாட்டிலே இரண்டாம் நாளின் மாற்றமே வரலாறு. மூன்றாம் நாளின் மறதியோ மரபின் நிலையைக் காட்டும் சான்று.

இரண்டாவது, மௌனத்தின் நிலை. அமைதி நிலவும் இடங்களைத் தானே கண்டறிந்து சுருக்கும் வசதி இம்மென்பொருளில் உண்டு. செய்தி வாசிப்புக்கு அது பயன்தரலாம். ஒப்பாரிக்கு அது பொருந்தாது. ஒப்பாரியில் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட மூச்சு பாடலின் புறத்தே நிற்பதன்று. அழுபவள் அடுத்த விளியைத் தேடுவதும் அருகிலிருப்பவள் அவளைத் தாங்கித் தன் அடியைத் தொடங்குவதும் அவ்விடைவெளியிலேயே நிகழ்கின்றன. இருவர் குரலும் மேற்படியும் இடத்தை, தெளிவின்மை எனக் கருதி வெட்டுவோர், கூட்டுப் பாடலைத் தனிப்பாடலாக்கி விடுகின்றனர்.

மூன்றாவது, இரைச்சல் எனப்படுவது. பதிவின் ஒரு பகுதியை இரைச்சலின் மாதிரியாகக் காட்டினால், அதன் பண்புடைய ஒலியை முழுப் பதிவிலும் மென்பொருள் தணிக்கும். மின்சாதனத்தின் ரீங்காரத்தை இவ்வாறு நீக்குவதை எவரும் குறைகூறார். ஆயின் தகரக் கூரையில் விழும் மழையும் இரைச்சலா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழும் பேச்சொலி இரைச்சலா? பாடல் எங்கே, எப்பொழுதில், யார் முன்னிலையிற் பாடப்பட்டது என்பதை அவ்வொலிகளே உணர்த்துகின்றன. மழையொலியை நீக்கிவிட்டு, பின்னர் கூடத்தில் வாசித்த புல்லாங்குழலைப் பிறிதொரு தடத்தில் அமைத்தல் உண்டு. அப்போது ஊவாவின் பாடல் எந்நாட்டு மலைப்பாடலாகவும் மாறக்கூடும். காமன் கூத்தின் தப்பொலியைக் குரலுக்கு இடையூறு எனத் தாழ்த்துவதும் இத்தகையதே. தப்பும் குரலும் ஒரே ஒலிவாங்கியிற் பதியப்பட்டிருப்பின் ஒன்றைத் தாழ்த்த மற்றதும் சிதையும் என்பது செயன்முறையில் எளிதிற் கண்டுகொள்ளத்தக்கது.

4

இவற்றுக்கு எதிராகக் கூறப்படும் வாதம் வலிமையற்றதன்று. வானொலி நிகழ்ச்சிக்குக் கால எல்லை உண்டு. பல இரவுக் கூத்தை அரைமணி நேரத்தில் வழங்க வேண்டியிருக்கலாம். வெட்டப்படாத பதிவு காப்பகத்தில் உறங்கும். வெட்டப்பட்ட பதிவே மக்களைச் சென்றடையும். தோட்டத்துப் பிள்ளைகள் தம் பாட்டியின் பாடலை இனிமையாகக் கேட்டுப் பெருமை கொள்வதும் ஒரு பயனே. இவை அனைத்தும் உண்மை. ஆதலின் வெட்டுதல் ஆகாது எனக் கூறுவது பொருந்தாது. சாமிநாதையரும் சுவடியை உள்ளவாறே அச்சிட்டாரல்லர், சொற்பிரித்தார், குறிப்பெழுதினார். வேண்டுவது, வெட்டியதை ஒளியாமை.

இதற்கான வழிகளும் மென்பொருளினுள்ளேயே உள்ளன என்பது சுவையான செய்தி. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடாசிற்றி 3.1ஆம் பதிப்பு முதல், துண்டின் ஓரத்தை இழுத்துக் குறுக்கினால் குறுக்கிய பகுதி அழிவதில்லை, மறைந்தே இருக்கும், மீண்டும் இழுத்தால் வெளிப்படும். மேலும், குறிப்புகளை நேர ஒழுங்கிற் பதியும் சுட்டித் தடம் ஒன்றும் அதில் உண்டு. அக்குறிப்புகளைத் தனி எழுத்துக் கோப்பாகவும் பெறலாம். பதிப்பாசிரியரின் அடிக்குறிப்புக்கு ஒப்பானது இது. இன்ன விநாடியில் இவ்வளவு நீக்கப்பட்டது, இப்பகுதி வேறொரு நாட் பாடுகையிலிருந்து எடுக்கப்பட்டது, இவ்விடத்திற் குரல் தெளிவில்லை என எழுதிவைத்தல் பாடவேறுபாடு காட்டுவதேயாகும்.

இதனோடு மூலப்பதிவு தொடப்படாது பேணப்படுதல் வேண்டும். ஒலிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம், பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகையில் விநாடிக்கு 48,000 மாதிரிகளும் 24 பிற் ஆழமும் குறைந்த அளவாகும் எனப் பரிந்துரைக்கின்றது. எம்பி3 போன்று சுருக்கப்பட்ட வடிவம் பரிமாற்றத்துக்கு உதவும். மூலமாகப் பேண உதவாது. தொகுக்கையில் முழுப்பதிவை முதல் தடமாக மௌனநிலையில் வைத்துக்கொண்டு கீழ்த் தடங்களில் வெட்டுதலும் ஒட்டுதலும் செய்யின், மூலத்துக்கும் தொகுப்புக்கும் உள்ள தூரம் திரையிலேயே தெரியும். இவற்றுக்கெல்லாம் முதன்மையாக, பாடியவரின் இசைவும் பெயரும் பாடிய இடமும் நாளும் பதிவோடு பிரியாது நிற்றல் வேண்டும். பெயர் வெளிவருவதை அவர் விரும்பாவிடின் அதுவும் மதிக்கப்பட வேண்டும்.

தோட்ட வழக்கிலே ஒரு நாள் வேலைக்குரிய கணக்கைப் ‘பேர்’ என்பர். எடை குறைந்த நாளிற் கொழுந்து பறித்தவளுக்கு விழுவது ‘அரைப்பேர்’. நாள் முழுதும் மலையேறி நின்றவளின் உழைப்பிற் பாதி கணக்கிலிருந்து மறைந்துபோவதை அச்சொல் கூறும். அவளது பாடலுக்கும் அரைப்பேரே போடப்படுமாயின், அதனைப் போடுபவர் இம்முறை கணக்கப்பிள்ளை அல்லர்; அன்போடும் ஆர்வத்தோடும் வந்த மாணவரே. பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகள் நாட்டார் வழக்கியற் களஆய்வுக்கு மாணவரை அனுப்புமுன் பதிப்புநெறியைக் கற்பிப்பதுபோலத் தடங்களையும் துண்டுகளையும் கையாளும் நெறியையும் கற்பித்தல் இன்றியமையாதது. ஊவாவின் லயங்களில் இன்னும் பாடுவோர் உளர். அவர்களிடமிருந்து பெறப்படும் ஒவ்வொரு பதிவும் முழுமையாகப் பேணப்படுமாயின், அதன்பின் எத்தனை முறை வெட்டி ஒட்டினும் கேடில்லை.