பெயரற்றோர் கப்பல்

இக்கால இளைஞருக்கு எதிர்பார்ப்பு மிகுதி, மனவுறுதி குறைவு. ஆதலாலேயே பணியிடத்தில் எளிதில் உளம் சோர்கின்றனர் என்பார் பலர். அத்தகையோர் கருத்தூன்றிப் படித்தற்குரிய நாவல் ஒன்றுண்டு. ஜப்பானிய எழுத்தாளர் கொபாயாஷி தகிஜி 1929-இல் வெளியிட்ட 'கனிகோசென்' என்பதே அது.

கம்சட்கா கடலில் நண்டு பிடித்து, கப்பலிலேயே அதனைத் தகர டப்பாக்களில் அடைக்கும் தொழிலாளரின் கதை இது. மேற்பார்வையாளன் அசகாவாவுக்குப் பெயர் உண்டு. உழைப்போருள் பெரும்பாலோர்க்குப் பெயரே இல்லை. அக்கலத்தின் நிலையும் விந்தையானது. தொழிற்சாலை என்பதால் கப்பற் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது. கடலில் மிதப்பதால் தொழிற்சாலைச் சட்டமும் அணுகாது. இரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் மனிதர் நசுக்கப்படுகின்றனர்.

இந்நூலாசிரியர் தம் வங்கி வேலையை இழந்தார். 1933-இல், 29-ஆம் வயதில், காவலர் பிடியில் உயிர் நீத்தார். ஆயினும் 2008-இல் இந்நூல் புத்துயிர் பெற்றது. அவ்வோராண்டில் பல இலட்சம் படிகள் விற்றன; விரும்பிப் படித்தோருள் இளைஞர் மிகப் பலர். காரணம் வெளிப்படை. ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வேலைக்கமர்த்தும் முறையை 1999-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெரும்பாலான தொழில்களுக்கும் விரித்தது. 2004-இல் தொழிற்சாலைகளுக்கும் கதவு திறந்தது. ஊதியம் தருவோன் ஒருவன். வேலை வாங்குவோன் மற்றொருவன். இடர் நேர்ந்தால் எவரிடம் முறையிடுவது? அவ்விளைஞர் தம்மையே அக்கப்பலில் கண்டனர்.

நாவலில் குறை இல்லாமலில்லை. அசகாவா கொடுமையின் பொம்மையாகவே நிற்கிறான். தனியொருவனின் அகத்துயர் ஆழமாக வரையப்படவில்லை. ஆனால், அக்குறையே ஓர் உண்மையை உணர்த்துகிறது. அக்கப்பலில் எல்லாரும் நாற்றமெடுத்த ஒரே அறையில் படுத்தனர், துயரைப் பகிர்ந்தனர், ஒன்றுபட்டெழுந்தனர். இன்று ஓரிடம், நாளை வேறிடம் என அனுப்பப்படும் தொழிலாளிக்கு அத்தோழமையும் இல்லை. தனித்திருந்து நோகும் மனம், தன் இழிநிலைக்குத் தானே காரணமென நம்பத் தொடங்குகிறது.

அந்நம்பிக்கை பொய் என்பதற்குச் சட்டமே சான்று. மிகைவேலையால் உளநோயுற்று 1991-இல் தற்கொலை செய்துகொண்ட 24 வயது ஊழியர் ஒருவரின் வழக்கில், ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2000-இல் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. அவருடைய இயல்பைக் காரணங்காட்டி இழப்பீட்டைக் குறைக்கவும் மறுத்தது.

இளைஞர் வேண்டுவன மிகையல்ல: பெயர் சொல்லி அழைக்கப்படுதல், முறையிட ஓரிடம், துயர் கேட்க ஒரு தோழன். இவற்றையும் 'மிகுதியான எதிர்பார்ப்பு' என்று இகழ்வோமாயின், நாமும் அசகாவாவின் பக்கமே நிற்கிறோம்.