ஆறு எஞ்சின்களும் அகப்படாத மனிதரும்

ஒரு கலைப்படைப்பை மதிப்பிடும்போது, அது எதைக் காட்டுகிறது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுவதில்லை. எந்த இடத்தில் நின்று காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்றும் கேட்கிறோம். கதைக்கும் கவிதைக்கும் பிரயோகிக்கும் இவ்வளவுகோலைப் புகைப்படத்துக்குப் பிரயோகிக்கப் பலர் தயங்குகின்றனர். கமரா பொய் சொல்லாது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். பல எஞ்சின்கள் பூட்டிய நெடிய சரக்கு ரயில்களைப் படம்பிடிக்கும் கலையைக் கொண்டு இந்நம்பிக்கையை நாம் சோதித்துப் பார்க்கலாம்.

கல்முனையில் வாழும் நமக்கு ரயில் அன்றாடக் காட்சியன்று. இருப்புப்பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. நமது ஊரோ அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கே உள்ளது. ஆகவே நம் மாணவர்கள் இத்தகைய ரயில்களைக் கைத்தொலைபேசித் திரையிலேயே கண்டு வியக்கின்றனர். அவர்கள் வியந்தவற்றுள் ஒன்று, 'சூப்பர் வாசுகி' என்னும் இந்திய நிலக்கரி ரயில்.

2022 ஆகஸ்ட் 15 ஆம் நாள், இந்திய சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவையொட்டி, ஐந்து சரக்கு ரயில்களை ஒன்றாகப் பிணைத்து, சத்தீஸ்கர் மாநிலத்தின் கோர்பாவிலிருந்து ராஜ்நந்த்காவ் வரை ஓட்டினர். 295 பெட்டிகள், 6 எஞ்சின்கள், மூன்றரைக் கிலோமீற்றர் நீளம். மொத்த நிறை 25,962 தொன் என ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்ததோடு, கோத்தாரி ரோட் நிலையத்தை அது கடந்து செல்லும் காட்சியையும் வெளியிட்டார்.

அக்காட்சியின் கவர்ச்சியை நாம் மறுக்கவில்லை. 267 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க அந்த ரயிலுக்குப் பதினொரு மணிநேரத்துக்கு மேல் பிடித்தது. அச்சராசரி வேகத்தில், பாதையோரம் நிற்கும் ஒருவரை அது முழுவதும் கடந்து செல்ல ஒன்பது நிமிடங்கள் வேண்டும். இத்துணை நீளம் ஒரு நிழற்படத்துள் அடங்காது. எஞ்சின்கள் அனைத்தையும் தலைப்பகுதியிலேயே பூட்டினால், பெட்டிகளை இணைக்கும் கொக்கிகள் இழுவிசையைத் தாங்கமாட்டா. ஆதலால் அவற்றை இடையிடையே பகிர்ந்து வைப்பர். ரயிலின் வலிமை எனப்படுவது ஓரிடத்தில் இல்லை. அது பரந்து கிடக்கிறது. படம்பிடிப்போரோ பெரும்பாலும் முன்னெஞ்சினை மட்டும் பிடித்து, அதுவே வலிமை என்கின்றனர். வளைவும் ஏற்றமும் உள்ள இடந்தேடி, வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருந்து, முழு ரயிலும் திரும்புவதைப் படமாக்கும் ஆர்வலர் சிலர் இதற்கு விதிவிலக்கு. அவர்களது பொறுமை பாராட்டுக்குரியது.

எனினும் அவர்களும் விடுத்த ஒன்று உண்டு. அது அந்த ரயில் ஓடுவதன் காரணம். அதே ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் இந்தியாவில் மின்நிலையங்களுக்கு நிலக்கரி தட்டுப்பட்டது. நிலக்கரி ரயில்களுக்கு வழிவிடுவதற்காகப் பயணிகள் ரயில்கள் பல இரத்துச் செய்யப்பட்டன. சூப்பர் வாசுகி சுமந்த கரி, 3,000 மெகாவாற் மின்நிலையமொன்றை ஒருநாள் இயக்கப் போதுமானது எனச் சொல்லப்பட்டது. ஒரே நாள்! மறுநாளுக்கு மறுபடியும் வெட்டவேண்டும். நாம் திரையில் கண்டது திருவிழா. வராத ரயிலுக்காக மேடையில் காத்திருந்த குடும்பமும், கரி வெட்டியவனும், தண்டவாளத்தைக் காத்தவனும் அத்திரையில் இல்லை.

பெரிய தொழிற்சாலையொன்றின் புகைப்படம், அத்தொழிற்சாலைக்குள் மனிதருக்கிடையே நிலவும் உறவுகளைப் பற்றி ஏதும் சொல்லாது என்ற கருத்தை ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ற் 1930களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். நெடிய ரயிலின் படத்துக்கும் இது பொருந்தும். 2001 ஜூன் 21 ஆம் நாள் மேற்கு அவுஸ்திரேலியாவில் 8 எஞ்சின்கள் 682 இரும்புத்தாதுப் பெட்டிகளை இழுத்துச் சென்றன. நீளம் ஏழு கிலோமீற்றருக்கு மேல். ஓட்டுநர் ஒருவரே. இன்று அதே பிரதேசத்தில் ஓட்டுநரே இல்லாத தாது ரயில்கள் ஓடுகின்றன. இது அறிவியலின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெற்றியின் பயன் யாருக்குச் சேர்ந்தது என்பதை எந்தப் படம் சொல்கிறது?

கலையால் அது இயலாதென நாம் கூறவில்லை. அமெரிக்கரான வின்ஸ்ரன் லிங்க், 1955 முதல் 1960 வரை, நோர்ஃபோக் அன்ட் வெஸ்ரேர்ண் ரயில்பாதையின் கடைசி நீராவி எஞ்சின்களைப் படம்பிடித்தார். இரவிலே மின்வெளிச்சக் குமிழ்களை ஒரேகணத்தில் எரியவைத்து அவர் எடுத்த படங்களில் எஞ்சின் தனித்து நிற்பதில்லை. நிலையப் பணியாளர், வீட்டுத் திண்ணையில் இருப்போர், நீராடும் சிறுவர் எனப் பாதையோரத்து வாழ்க்கை அவற்றில் இடம்பெறுகிறது. ஆயினும் அவ்வெஞ்சின் இழுத்த கரியை வெட்டியோரிடம் அவரது வெளிச்சம் அதிகம் செல்லவில்லை. அங்கே சென்றவர் பிறேசில் நாட்டவரான செபஸ்தியாவோ சல்காடோ. பொருளியல் பயின்ற அவர், 1989 இல் தன்பாத் நிலக்கரித் தொழிலாளரின் கரிபடிந்த முகங்களை நேருக்குநேர் பதிவுசெய்தார். லிங்கின் பாதையோரமும் சல்காடோவின் சுரங்கமும் ஒரே படைப்பில் இணையும்போதுதான் சரக்கு ரயிலின் முழுப்படம் பிறக்கும்.

இது தொலைதூரத்து விவகாரமென எண்ணவேண்டாம். நமது கடற்கரையில் கரைவலை இழுக்கின்றனர். பலர் இழுப்பதனாலேயே வலை கரையேறுகிறது. சில இடங்களில் அவ்வேலையை இப்போது உழவு இயந்திரம் செய்கிறது. கமராவோடு வருபவர் மடியில் துள்ளும் மீனருகே நிற்கலாம். கயிற்றைப் பற்றிய கைகளருகேயும் நிற்கலாம். இயந்திரம் வந்தபின் அக்கைகள் எங்கே போயின என்று தேடியும் செல்லலாம். மூன்றும் உண்மைப் படங்களே. ஆனால் மூன்றும் சொல்லும் உண்மை ஒன்றல்ல.

இயந்திரத்தை வியப்பது குற்றமன்று. அது மனித உழைப்பின் திரண்ட வடிவம். அதைப் படைத்த மனிதனை மறந்து வியப்பதே குற்றம். அடுத்தமுறை நம் மாணவன் நெடிய ரயிலின் படத்தை நமக்குக் காட்டும்போது, எத்தனை எஞ்சின்கள் என்று அவனோடு சேர்ந்து எண்ணுவோம். எண்ணி முடிந்ததும், இதை இழுப்பவர் யார், யாருக்காக இழுக்கின்றனர் என்று அவனையே கேட்போம்.