கருவியா? கண்ணா?

"இது ஓவியமன்று, களவு!" என்றார் நடுவர்.

பள்ளி ஓவியக் காட்சிக்கு வந்த படம் அது. கடற்கரை மணலில் பாயும் சவாரிக் குதிரை. தீட்டிய மாணவன், கைப்பேசியில் தானே படமெடுத்து, கணினியிலே ஒளியையும் நிழலையும் மாற்றிப் பார்த்து, அதன் பின்னரே தூரிகை எடுத்தானாம். மறைக்காமல் சொன்னான், சொன்னதே குற்றமாயிற்று! "குதிரை இப்படியா காலை மடக்கும்?" என்ற நகைப்பு வேறு. படம் மூலைக்குச் சென்றது. நாமும் அன்று வாய்மூடி நின்றோம். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறோம்.

கருவியைத் தொட்டால் கலை கெட்டுவிடுமாம்! தீட்டுவோர்க்கும் தீட்டா?

வரலாறு கூறுவது என்ன? 1821-இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ, எப்சம் குதிரைப் பந்தயத்தைத் தீட்டினார். லூவர் அருங்காட்சியகத்திலுள்ள அப்படத்தில், குதிரைகள் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி அந்தரத்திலே பறக்கின்றன. ஓவியர் பலர் வழிவழியாக நம்பிய காட்சி அது. 1878-இல் கலிபோர்னியாவில், மைபிரிட்ஜ் காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு கால்களும் நிலம்விட்டு எழுவது மெய். ஆனால் நீண்டிருக்கையில் அன்று, வயிற்றின்கீழ் மடங்கியிருக்கையில்! வழிவழி வந்த நம்பிக்கை, ஒரு கண்ணாடி வில்லையின் முன் நிற்கமாட்டாது வீழ்ந்தது. அப்படங்களைப் பார்த்து வரைந்து பழகினார் டெகா. அவர் கலை தேய்ந்ததா? இல்லை, வளர்ந்தது!

ஆயினும், எதிர்வாதத்தை ஏளனம் செய்து ஒதுக்குவது பகுத்தறிவாகாது. 1911-இல் வெளிவந்த உரையாடல் நூலில், சிற்பி ரோடின் ஜெரிக்கோவுக்காக வாதாடினார். காலம் நிற்பதில்லை, புகைப்படமோ அதனை நிறுத்திக் காட்டுகிறது, ஓவியன் பல கணங்களை ஒன்றாக்கி ஓட்டத்தையே காட்டுகிறான் என்பது அவர் கருத்து. சிந்திக்கத்தக்க வாதம். புகைப்படமும் முழு உண்மையன்று. அகல வில்லை, அருகிலுள்ள மூக்கைப் பெரிதாக்கும். கடும் வெயிலில், நிழலைக் கருங்குழம்பாக்கும். கண் காணும் நீலமும் ஊதாவும் அங்கே மறையும். 1990-இல் வந்த ஃபோட்டோஷாப் முதலான மென்பொருள்கள் நிறத்தை நொடியில் மாற்றித் தரும். ஏன் மாற்றவேண்டும் என்று சொல்லித் தாரா.

ஆகவே கேட்கவேண்டிய வினா, "கருவியைத் தொட்டாயா?" என்பதன்று, "கருவி காட்டியதை ஐயுற்றாயா?" என்பதே. ஐயுறாது கட்டம் போட்டுப் படியெடுப்பவன், பழைய மரபுக்கு மாற்றாகத் திரைக்கு அடிமையாகிறான். பிறர் எடுத்த படத்தைச் சொல்லாமல் எடுத்தாள்வது களவேதான், அதில் ஐயமில்லை.

நம் மாணவன் செய்தது அதுவா? திரையில் கறுத்துத் தோன்றிய நிழலை அவன் நம்பவில்லை. மறுநாளும் கடற்கரைக்குச் சென்று, நேரில் கண்டு, நிறத்தைத் திருத்தினான். கருவி கால்களைக் காட்டிற்று. கண் நிழலைக் காட்டிற்று. முடிவு செய்தது அவன் மூளை.

நகைத்தவர் நம்பியது 1821-இன் குதிரையை. அவன் தீட்டியதோ, உண்மையில் ஓடும் குதிரையை!

மூலையிலிருந்த அப்படம் இன்று நம் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. இளைஞனே, கருவியை எடு. கண்ணை மட்டும் அதனிடம் அடகு வைத்துவிடாதே!