அரசாணை 355: கத்தியை நிறுத்திய பிறகு

பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று உறுப்பைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையா? அறுவை செய்து ஏதாவது ஒரு பக்கம் சேர்த்துவிடு. அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவ உலகின் வழக்கம் இதுதான். தமிழ்நாடு இதற்குத் தடை போட்டது. 2019 ஏப்ரலில், ஒரு திருமணப் பதிவு வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இப்படிப் பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்குப் பால்மாற்று அறுவை கூடாது என்றும் உத்தரவிட்டார். ஆகஸ்ட் 13-இல் அரசாணை 355 வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு.

பழைய வழக்கத்துக்கு முட்டுக்கொடுத்தது ஜான் மணி என்ற உளவியலாளரின் கோட்பாடு. பாலின உணர்வை வளர்ப்பே தீர்மானிக்கிறது, சிறு வயதிலேயே உடலைத் திருத்தி அப்படியே வளர்த்தால் போதும் என்றார் அவர். அவர் காட்டிய பெரிய சான்றான டேவிட் ரைமர் ஊடுபால் குழந்தையே அல்ல. முன்தோல் நீக்கும்போது உறுப்பு கருகிப்போன கனடா நாட்டு ஆண் குழந்தை. பெண்ணாக வளர்த்தது வெற்றி என்று மணி 1972-இல் எழுதினார். பதின்வயதிலேயே ரைமர் ஆணாக வாழத் தொடங்கிவிட்டது 1997-இல்தான் மருத்துவ இதழில் வெளியானது. 2004-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இடைப்பட்ட காலத்தில் இந்தக் கோட்பாட்டை நம்பி எத்தனை பச்சிளம் உடல்களில் கத்தி வைத்தார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

அறுவையை ஆதரிப்போர் சொல்வதையும் கேட்கத்தான் வேண்டும். சிறு வயதில் காயம் சீக்கிரம் ஆறும், பெற்றோரின் தவிப்பு அடங்கும் என்கிறார்கள். சிறுவயதிலேயே செய்தது நல்லது என்று சொல்லும் வளர்ந்த பெண்களும் உண்டு. ஆனால் தொடு உணர்வை இழந்தவர்களுக்கும், மறுபடி மறுபடி அறுவை மேசையில் படுத்தவர்களுக்கும் இழந்ததைத் திருப்பித் தர வழியில்லை. காத்திருந்தவர் பிறகு செய்துகொள்ளலாம். செய்யப்பட்டவர் பின்வாங்க முடியாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதற்காக, பால் எதையும் குறிக்காமலே குழந்தையை வளர்க்க வேண்டும் என்பதில்லை. கிடைக்கும் மருத்துவச் சான்றை வைத்து ஆண் என்றோ பெண் என்றோ வளர்க்கலாம். பிள்ளை வேறு சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். ஐந்து ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி குறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகள் பலர் பெண்ணாகவே வளர்கிறார்கள். பருவத்தில் குரல் உடைகிறது, தசை ஏறுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னர் ஆணாக வாழ்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தையிலேயே விரையை எடுத்திருந்தால் அவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கும்.

அரசாணையின் பலம் இங்கே தெளிவு. குறையோ, அது அறுவை அரங்கின் வாசலோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. பிரசவ அறையில் செவிலியர் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "என்ன புள்ளைன்னு பாத்துச் சொல்லும்மா" என்று தாயிடம் கேட்பது நம் ஊர் வழக்கம். தாய் பதில் சொல்ல முடியாமல் திகைக்கிற அந்த நேரத்தில் பேச ஆள் வேண்டும். அரசாணை அமைக்கும் குழு விலக்குத் தரலாமா என்று பார்க்கத்தான். அந்தத் தாய்க்குத் துணை நிற்க அல்ல.

உண்மையில் உயிர் போகும் இடம் இன்னொன்று. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி உள்ள பெண் குழந்தை ஆண் போலத் தோன்றலாம். "பையன்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வாந்தி, சோர்வு. உடலில் உப்புச்சத்து வற்றிக் குழந்தை இறந்தும் போகலாம். இதற்கு மருந்து ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும். கத்திக்கு இதில் வேலை இல்லை. இது பெற்றோர் இருவர் வழியாகவும் வரும் மரபுக்குறை. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் சமூகத்தில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது. குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். கேரள அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை நடக்கிறது. இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது கிடைக்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். 2019-இல் இயற்றிய திருநர் சட்டம் ஊடுபாலினரையும் அதே வரையறைக்குள் அடைத்தது. பெண்ணாகப் பதிவாகி, பருவத்தில் தன்னை ஆணாக உணர்கிற பிள்ளை முதலில் திருநர் சான்று வாங்கி, அப்புறம் மருத்துவ அதிகாரியின் கையெழுத்தோடுதான் ஆண் என்று திருத்த முடியும் என்றது அந்தச் சட்டம். பிறக்கும்போது மருத்துவர் பார்த்து எழுதியதைத் திருத்த, மருத்துவமனையின் பிறப்புக் குறிப்பும் அந்தப் பிள்ளையின் சொல்லுமே போதுமானதாக இருக்க வேண்டும்.