ஒல்லாந்த ஓவியமும் ஆமோசின் கேள்வியும்

மாந்தர் எவருமின்றி, மேசையையும் அதன்மேலுள்ள பண்டங்களையும் மட்டுமே தீட்டும் ஓவியமுறை பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் செழித்தது. வில்லெம் கால்ஃப் 1662-இல் வரைந்த படம் இதற்குச் சிறந்த சான்று. சீனப் பீங்கான் கிண்ணம், நாட்டிலஸ் என்னும் கடற்சிப்பியாலான பானபாத்திரம், கீழைநாட்டுக் கம்பளம், பாதி தோலுரித்த எலுமிச்சை ஆகியவை இருளினின்று ஒளிர்கின்றன. படைப்புப் பொருள்களின் அழகை இத்துணை அன்போடு நோக்கிய கண்கள் சிலவே. இப்பெருமையை மறுப்பதற்கில்லை.

இத்தகைய படங்களைப் பிரசங்கியின் புத்தகத்தோடு இணைத்து விளக்குவோர் பலர். உரித்த கனி வாடும், கண்ணாடிக் கோப்பை உடையும், சில படங்களில் காணும் கடிகாரம் காலம் கழிவதை உணர்த்தும். ஆகவே செல்வம் மாயை என்பர். ஒல்லாந்தர் இப்பாடத்தை நம் கடற்கரையிலும் செதுக்கி வைத்தனர். பழவேற்காட்டில் அவர்களது கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களை இன்றும் காணலாம்.

ஆயினும் இவ்விளக்கம் போதுமானதா? அவர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். 1658-இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். சோழமண்டலத் தறிகளின் துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்கினர். பீஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சைச் சீமை பாழான 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில், பசியால் நலிந்த ஆயிரக்கணக்கானோரை ஒல்லாந்தக் கம்பெனி அடிமைகளாக வாங்கியது. அவருள் பெரும்பாலோரை இலங்கைக்கு அனுப்பியது. இதற்கு அடுத்த ஆண்டில்தான் கால்ஃப் மேற்கூறிய படத்தைத் தீட்டினார்.

ஓவியரை நாம் குற்றவாளியாக்கவில்லை. ஆனால் அவர் கலையில் பிரசங்கியின் குரல் உண்டு. ஆமோசின் குரல் இல்லை. செல்வம் எத்தனை நாள் நிற்கும் என்று அது கேட்கிறது. யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கிண்ணங்களில் மதுவருந்தியோரை ஆமோஸ் கண்டித்தது, மது தீர்ந்துவிடும் என்பதற்காக அன்று. யோசேப்பின் கேட்டுக்காக அவர்கள் வருந்தாமற்போனதற்காகவே.

நம் பிரசங்க பீடங்களுக்கும் இக்குறை உண்டு. கடத்தூர் போன்ற ஊர்களிலிருந்து கூலிவேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வோரிடம், உலகச் செல்வம் நிலையற்றது என்று மட்டும் உரைப்பது எளிது. செல்வத்தையே காணாதவர்க்கு அதன் நிலையாமை நற்செய்தியாகுமா? அறுப்பின் பண்டிகையில் பீடத்தின் முன் கனிகளை அடுக்கும்போது, அவற்றை விளைவித்த கைகளுக்குரிய கூலி கிடைத்ததா என்றும் கேட்பதே முழுமையான அருளுரையாகும்.