சிலேடையும் மொழிபெயர்ப்பும்: வகைப்பாடு பற்றிய ஒரு மறுநோக்கு

சிலேடையை மொழிபெயர்க்க இயலாது என்னும் கருத்து மொழிபெயர்ப்பாளரிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஒலியும் பொருளும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருப்பதே சிலேடையாதலின், ஒலி மாறும்போது அதுவும் அழியும் என்பது இக்கருத்தின் அடிப்படை. இனமொழிகளுக்கிடையே இவ்விழப்புக் குறையும் என்னும் நம்பிக்கையும் உடன் நிலவுகிறது. இவ்விரண்டும் மறு ஆய்வுக்குரியன.

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இருவகைப்படுத்தும். சொல் பிரியாது நின்று பல பொருள் தருவது முன்னது. பிரிந்து வேறு பொருள் தருவது பின்னது. 'வேங்கை' என்பது மரத்தையும் புலியையும் குறிப்பது செம்மொழி; 'வேம் கை' எனப் பிரிந்து வேகின்ற கையைக் குறிப்பது பிரிமொழி.

புலவர் எவரும் கருதிச் செய்யாத செம்மொழிச் சிலேடைகளும் உள. பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட் என்னும் ஊர்ப்பெயர் அத்தகையது. மைசூர் மன்னர் பத்தாம் சாமராச உடையார் 1882இல் வழங்கிய நிலத்தில் உருவான ஆங்கிலோ இந்தியக் குடியிருப்பு அது. அச்சமூகத்தின் சங்கத்தை நிறுவிய டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரால் அமைந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல் ஆட்பெயராகவும் நிறப்பெயராகவும் நிற்பதால், வரலாறு அறியாதார் அதனை நிறமாகவே கொள்வர். 'வெள்ளை வயல்' எனப் பெயர்த்தால் மனிதர் மறைகிறார். 'ஒயிட்டின் வயல்' எனப் பெயர்த்தால் நிறம் மறைகிறது. ஒலிபெயர்த்தால் இரண்டுமே புலப்படுவதில்லை.

இனி, இலக்கியச் சான்று ஒன்றைக் காணலாம். 15ஆம் நூற்றாண்டினராகிய காலமேகப் புலவர் பெயரில் வழங்கும் வெண்பா ஒன்று பாம்பையும் வாழைப்பழத்தையும் இணைக்கிறது. இரண்டிற்கும் தோல் உண்டு, இரண்டும் உரிபடும். ஆங்கிலத்திலும் பாம்பின் தோலுக்கும் பழத்தின் தோலுக்கும் 'ஸ்கின்' என்னும் ஒரே சொல் வழங்குவதால் இச்சிலேடை அங்கும் நிலைபெறுகிறது. கன்னடத்திலோ பழத்தோல் பொதுவாகச் 'சிப்பெ' எனவும், பாம்பு உரிக்கும் தோல் 'பொரெ' எனவும் வழங்கும். இனமொழியில் அழிவது அயன்மொழியில் வாழ்கிறது என்பது இங்கு நோக்கத்தக்கது.

அதே வெண்பாவில் வரும் 'நஞ்சு' என்னும் சொல் வேறொரு சிக்கலை எழுப்புகிறது. பாம்பிற்கு அது விடம்; பழத்திற்கு 'நைந்து' என்பதன் பேச்சு வடிவம். ஐந்து 'அஞ்சு' எனவும் காய்ந்து 'காஞ்சு' எனவும் திரியும் அதே ஒலிமாற்றமே இதற்கும் அடிப்படை. கன்னடத்திலும் 'நஞ்சு' விடத்தைக் குறிக்கும்; ஆயின் அம்மொழியில் ஐந்து 'ஐது' ஆயிற்றேயன்றி 'அஞ்சு' ஆகவில்லை. சொல் இருந்தும், அதனை இருபொருளாக்கும் ஒலிமாற்றம் அங்கு இல்லை.

'நஞ்சு' பிரிவதில்லை, எனவே தண்டியாசிரியர் வகைப்பாட்டின்படி அது செம்மொழியுள் அடங்கும். எனினும் 'தோல்' போன்று ஒரே சொல்லின் பொருள்விரிவாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. வேறுபட்ட இரு வடிவங்கள் பேச்சில் ஒன்றிய நிலை அது. இதனை 'ஒலித்திரிபுச் சிலேடை' எனத் தனித்துக் காட்டுதல் மொழிபெயர்ப்பாளர்க்கும் மொழியியலார்க்கும் பயன்தரும். பேச்சு வழக்கு செய்யுளுள் நுழைந்தமைக்கும் அது சான்றாகும். ஆயினும் தனிப்பாடல்கள் வாய்மொழியாக வழங்கிப் பின்னர்த் தொகுக்கப்பட்டவை. எனவே இச்சான்றைக் கொண்டு ஒலிமாற்றத்தின் காலத்தை வரையறுத்தல் இயலாது.

சிலேடை தரும் இன்பம் இரு பொருளையும் ஒருசேர உணர்வதில் உள்ளது. அடிக்குறிப்பு அவ்விரு பொருளையும் அறிவிக்குமேயன்றி அவ்வின்பத்தைத் தருவதில்லை. ஆதலின் ஒரு பாடலின் சிலேடைகள் அனைத்தையும் ஒருங்கே கைவிடாமல், ஒவ்வொன்றும் எதனால் இயங்குகிறது என ஆராய்தல் வேண்டும். பெறுமொழி இடந்தரும் இடத்தில் அதனைக் காத்து, இடந்தராத இழப்பை அப்பாடலிலேயே வேறோர் இடத்தில் ஈடுசெய்தல் தகும். பாம்பு வெண்பாவை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் 'நஞ்சை' இழப்பினும் தோலை இழக்க வேண்டுவதில்லை.