மாங்கனிக்கு முன்னால் மலர்

ஆனிப் பௌர்ணமி நெருங்கிவிட்டால் காரைக்காலில் எல்லோர் பேச்சும் மாம்பழத்தைப் பற்றித்தான். பிச்சை ஏற்கும் கோலச் சிவனான பிச்சாண்டவர் பவழக்கால் விமானத்தில் வீதிக்கு வரும்போது மாடிகளிலிருந்து வீசுவதற்கென்று கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கும். மறுநாள் பத்திரிகைப் படங்களிலும் பழம் பிடிக்க உயர்ந்த கைகளே நிறைந்திருக்கும். அந்தக் கைகளுக்கு அப்பால், பெருமான் மார்பில் கிடக்கும் மாலையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. நின்று பார்க்க வேண்டிய வேலை அது.

மாங்கனித் திருவிழா அடிப்படையில் ஒரு கல்யாணம். முதல் நாள் மணமகன் பரமதத்தருக்கு மாப்பிள்ளை அழைப்பு. அடுத்த நாள் அம்மையார் மணிமண்டபத்தில், பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதியாருக்குத் திருக்கல்யாணம். கல்யாணம் என்றால் பூ வேண்டும்; ஊர் முழுக்க வேண்டும். மணமாலை, வாகனத்துக்குச் சரம், வாசலுக்குக் குலைவாழை, பந்தலுக்குக் குருத்தோலைத் தோரணம் என்று வேலை வாரக்கணக்கில் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

இவ்வளவு பூவுக்கும் தோட்டம் வேண்டும். ஊர் சேர்ந்து தோட்டம் வளர்க்கும் அமைப்புக்குத் ‘தோட்டக் கழகம்’ என்ற பெயர் நமக்குப் புதிது. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பிறந்தது 1835இல். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தாவரவியல் பூங்காவை உண்டாக்கியது 1826இல். ஆனால் ஊர் சேர்ந்து பூ வளர்ப்பதும், அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதும் காவிரிக் கடைமடைக்கு மிகப் பழைய பழக்கம். திருநந்தவனத்துக்கும், சாமிக்குச் சாத்தும் மாலையான திருப்பள்ளித்தாமத்துக்கும் நிலம் விட்ட செய்தியைச் சோழர் கல்வெட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. செடி வைப்பவருக்கும் தண்ணீர் இறைப்பவருக்கும் பூத்தொடுப்பவருக்கும் சோறு போட அந்த நிலத்தின் விளைச்சல் போனது. இன்று அதே காரியத்தை உபயம் செய்கிறது. ஒரு குடும்பம் ஒரு நாள் அலங்காரத்தை ஏற்றுக்கொள்ளும். இன்னொருவர் பூவுக்கு மட்டும் பணம் கட்டி ரசீது வாங்குவார். கொல்லையில் நாலு வாழை வைத்திருப்பவர் குலையோடு மரத்தையே கொடுத்துவிடுவார்.

பூவேலையின் இலக்கணத்தை அறிய இந்த வட்டாரத்தார் தூரமாகப் போக வேண்டியதில்லை. திருப்புகலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வாழ்ந்த முருக நாயனார் அறுபத்துமூவரில் ஒருவராக எண்ணப்பட்டது பூத்தொண்டுக்காக. விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகையையும் தனித்தனிக் கூடையில் பறித்தார் என்கிறது பெரியபுராணம். சேக்கிழார் அதோடு நிற்கவில்லை. கோவை, இண்டை, தாமம், கண்ணி, பிணையல், தொடையல் என்று நாயனார் கட்டிய மாலை வகைகளையும் பெயர் சொல்லி அடுக்குகிறார். கோத்தது கோவை, சுருக்கி வளைத்தது இண்டை, தண்டில் வைத்துக் கட்டியது கண்ணி, தாளோடு தாளைப் பின்னியது பிணையல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு புலவர், தொடுப்பவரின் விரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார். இன்று நாம் ‘மாலை’ என்ற ஒரே சொல்லில் இவ்வளவையும் அடக்கிவிடுகிறோம். சொல் குறைந்தால் பார்வையும் குறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சாதாரண மல்லிகைச் சரத்தையே எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த வாழைப்பட்டையை நகத்தால் கீறி நாராகப் பிரித்துத் தண்ணீரில் நனைத்து வைத்திருப்பார்கள். நனையாத நார் முறியும். அளவுக்கு மேல் ஊறினால் வழுக்கும். இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு, காம்பின்மேல் மாட்டி இழுக்கும். அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் சுலபம் என்று தோன்றும். இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கூடுதலாக இறுக்கினால் காம்பு அறுந்து பூ உதிரும். தளர்ந்தால் சரத்தைத் தூக்கும்போதே இடைவெளி விழும். தேர்ந்த கை மொட்டைப் பார்ப்பதே இல்லை, பேசிக்கொண்டே கட்டும்.

பூவுக்குப் பூ கை மாற வேண்டும். கனகாம்பரம் எடையே இல்லாதது. ஒரு முழத்துக்குள் எத்தனையோ பூவை நெருக்க வேண்டும். சம்பங்கிக்குக் காம்பு கெட்டி, ஊசியால் கோத்தால் நிற்கும். திருநள்ளாற்றுச் சனீசுவரருக்குச் சாத்தும் நீலச் சங்குப்பூவின் இதழோ ஈரத்தாளைப் போல மெல்லியது. விரல் நுனி அழுத்தமாகப் பட்டாலே நிறம் கன்றிவிடும். இத்தனைக்கும் நடுவே மருக்கொழுந்தை எந்த இடத்தில் நுழைப்பது என்பது தனி ஞானம். பச்சை ஒரு கீற்று கூடினால் மாலை இருண்டுவிடும்.

பெரிய மாலைதான் நல்ல மாலை என்ற எண்ணம் இப்போது வலுத்துவிட்டது. அது தவறு. உற்சவ மூர்த்தியின் உருவம் சிறியது. பிச்சாண்டவரின் அழகெல்லாம் இடுப்பின் வளைவிலும் எடுத்து வைத்த பாதத்திலும் இருக்கிறது. அந்த வளைவை மூடும் மாலை எத்தனை கிலோ இருந்தாலும் தோற்ற மாலையே. தோளிலிருந்து இறங்கி, உருவத்தின் ஓட்டத்தோடு போய், முழங்காலுக்கு மேல் குஞ்சத்தில் முடிய வேண்டும். எங்கும் நார் தெரியக்கூடாது, தொங்கவிட்டால் முறுக்கிக்கொள்ளக்கூடாது. அலங்காரம் முடிந்து திரை விலகும்போது கூட்டத்தின் கண் பூவுக்குப் போகாமல் சாமியின் முகத்துக்குப் போனால், கட்டியவர் ஜெயித்துவிட்டார்.

இந்த மண்ணில் பூ வளர்ப்பதும் லேசான காரியமில்லை. அரசலாறு கடலில் சேரும் ஊர் இது. ஒரு பக்கம் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீர். அரளியும் நந்தியாவட்டையும் தாக்குப்பிடிக்கும்; மல்லிகை வேர் அழுகிவிடும். அதனால் மேட்டுப்பாத்தி போட வேண்டும். மழை ஓய்ந்ததும் கவாத்து, இலை உதிர்ப்பு, பிறகு உரம், தண்ணீர், பங்குனியில் மொட்டு. தை மாதம் பொங்கலையொட்டி வேளாண் துறை நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சியில் சாமந்தியும் டாலியாவும் கண்ணைப் பறிக்கும். நந்தவனக்காரருக்கு அது கத்தரிக்கோல் காலம். வெறும் குச்சியாக நிற்கும் அந்தச் செடிதான் ஆனிக்கு மாலை கொடுக்கப் போகிறது.

ஆனியில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் ஆனியிலேயே கல்யாணங்கள் குவியும்; பூ விலை ஏறும். வேதாரண்யம் பக்கத்து முல்லை மூட்டை மூட்டையாக வந்தாலும் போதாது. திருவிழாவுக்குச் சேர்த்த உபயப் பணத்தில் பாதி, விலை ஏறிய ஒரே வாரத்தில் கரைந்துவிடக்கூடும். அந்த வேளையில் கைகொடுப்பது வீட்டுக்கொல்லையும் மாடித்தொட்டியும். ஒரு கைப்பிடி மொட்டு, வில்வம், துளசி என்று வீடுகளிலிருந்து வருவதைக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் மாலையில் அது இருக்கிறது.

காரைக்காலில் இந்த விரல்களுக்கு வருடம் முழுக்க வேலை உண்டு. மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரிக்கு மலர்ப்போர்வை, தேற்றரவு அன்னை ஆலயத் தேருக்குச் சரம், மறுநாள் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மணமாலை. நார் ஒன்றுதான், நிறமும் வடிவமும் மாறும். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போக, கட்டுகிற கைகள் நரைத்துக்கொண்டு வருகின்றன. உபயப் பட்டியலில் பூவுக்கு ஒதுக்குவதைப் போலவே, தொடுக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்கும் ஒரு தொகை ஒதுக்கினால் அது வீண் செலவாகாது.

அடுத்த ஆனிக்குக் காரைக்கால் வருகிறவர்கள், பழத்துக்குக் கை நீட்டும் முன் ஒரு நிமிடம் விமானத்தை ஏறிட்டுப் பாருங்கள். உள்ளூர்க்காரராக இருந்தால் ஆடி பிறந்ததும் மேடான இடமாகப் பார்த்து ஒரு மல்லிகைப் பதியனை ஊன்றிவிடுங்கள். வரும் கோடையிலேயே மொட்டு விடும், மாங்கனிக்குக் கொடுக்கலாம்.